நாவலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுரை நூல்

இந்த மே விடுமுறையில் புத்தகங்களை ஜோடி சேர்த்துப் படித்தேன். ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு நாவல், அதை மூடிய கையோடு அதே விஷயத்தைத் தொடும் ஒரு கட்டுரை நூல் அல்லது வரலாற்று நூல். நடுவில் வேறு எதையும் நுழைப்பதில்லை. விதி என்று நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் எனக்கு, விடைத்தாள் திருத்தி முடித்த பிறகு பள்ளி திறக்கும்வரை கிடைக்கும் நாட்கள்தான் வருடத்தில் முழுசாகக் கைக்கு வரும். அந்த நாட்களில் என்ன படிக்கிறேன் என்பதைவிட எதற்குப் பக்கத்தில் எதை வைத்துப் படிக்கிறேன் என்பது எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று இந்த வருஷம்தான் கண்கூடாகப் பார்த்தேன்.

முதல் ஜோடி ஏற்காட்டில் அமைந்தது. நாகலூர் பக்கம் சித்தப்பா இருக்கிறார். காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்து வெயில் தாங்காமல் அத்தையையும் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். கொண்டுபோனவை இரண்டு புத்தகங்கள். ஒன்று பி.எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலின் தமிழாக்கமான ‘எரியும் பனிக்காடு’. மற்றது ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’.

‘எரியும் பனிக்காடு’ வெள்ளைக்காரர் காலத்து வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது. திருநெல்வேலிச் சீமையில் பஞ்சம் பிழைக்க வழியில்லாத கருப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அதற்குப் பிறகு குளிர், அட்டை, காய்ச்சல், கடன். என்னை உலுக்கியது அடிதடிகளைவிட அந்தக் கணக்குதான். எத்தனை நாள் உழைத்தாலும் முன்பணம், கழிவு, படுத்த நாள் என்று எல்லாம் போய், கடைசியில் உழைத்தவன் பெயரிலேயே பாக்கி நிற்கும். கணக்கு வாத்தியாருக்கு அது தாங்கமுடியாத பகுதி. கூட்டல் கழித்தலில் பிழையே இல்லாமல் ஒருவனை ஆயுளுக்கும் கட்டிப்போட முடியும் என்று அங்கே தெரிகிறது.

நான் முடித்ததும் சித்தப்பா அதை வாங்கிப் படித்தார். அவர் நாவல் படித்து நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் திண்ணையை விட்டு எழவில்லை. பிறகு, “செக்ரோல், அதான் கூலிக் கணக்குப் புஸ்தகம், அதை எழுதறவன் கையிலதான் எல்லாம் இருக்கு கண்ணு. அட்வான்ஸ் எவ்வளவுன்னு வாங்கினவனுக்குத் தெரியாது. புஸ்தகத்துல என்ன தொகை இருக்கோ அதுதான் கடன்” என்றார்.

“உங்க காலத்துலயும் அப்படித்தானா சித்தப்பா?”

“எங்க காலத்துல சட்டம் வந்தாச்சு. வீடு குடுக்கணும், ஆஸ்பத்திரி வெக்கணும், புள்ளைங்களைப் பாத்துக்க ஆள் போடணும்னு இருந்துச்சு. ஆனா சட்டம் இருக்குன்னு ஆளுங்க இருக்கிற லைன் வீட்டுல போய் யாரு சொன்னா?”

அவர் சொன்னது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை. நாவல் நடக்கும் காலத்தில் அது கிடையாது. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், தொழிலாளர்களோடு சங்கம் கட்ட நின்றவர். ஆங்கிலத்தில் 1969இல் வெளிவந்த அந்த நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல்தான் தமிழுக்கு வந்தது. தமிழ்க் கூலிகளின் கதை தமிழர் கைக்கு வர 38 வருஷம் ஆகியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் அதிகம் யோசித்தது வேறொரு கேள்வி. டேனியல் மருத்துவர். நோய், சாவு, சம்பளம் எல்லாவற்றையும் அறிக்கையாகவே எழுதியிருக்க முடியும். ஏன் நாவல் எழுதினார்? அடுத்த புத்தகத்தைத் திறந்தபோது பாதி விடை கிடைத்தது.

‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பு, வெளிவந்தது 2000இல். காப்பி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் புகுந்தது, காலையில் நீராகாரம் குடித்த இடத்தை எப்படிப் பிடித்தது, அது குடியைக் கெடுக்கும் என்று யார் யார் புலம்பினார்கள், காப்பி கிளப்பில் யார் எங்கே உட்காரலாம் என்ற சாதிக் கட்டுப்பாடு எப்படி இருந்தது, காப்பி மேல்தட்டுக்கும் டீ உழைப்பாளிக்கும் என்ற பிரிவு எப்படி விழுந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். அதற்கு அவர் தேடிப்போன சான்றுகள்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. அரசாங்க ஆவணத்தோடு நிற்காமல் பழைய இதழ்கள், கதைகள், தன்வரலாறுகள், கேலிச்சித்திரங்கள் என்று துழாவுகிறார். வரலாற்று ஆசிரியர் கதைகளுக்குள் போய் உண்மையைத் தேடுகிறார். மருத்துவர் தன் கண்ணால் கண்டதைச் சொல்லக் கதைக்குள் போகிறார். நூலகத்தில் இரண்டும் வேறு வேறு அலமாரியில் இருக்கின்றன. படிக்கிறவர் அவற்றை ஒரே மேசையில் வைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் எனக்கு அந்த வாரம் வந்தது.

இன்னொன்றும் உண்டு. வேங்கடாசலபதியின் கட்டுரை குடிப்பவர்களின் வரலாறு. டேனியலின் நாவல் பறித்தவர்களின் வரலாறு. ஒன்றை மட்டும் படித்தால் டம்ளருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோதான் தெரியும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வந்ததே 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இரண்டு நூற்றாண்டாக இந்த மலையில் பறித்ததை அடிவாரத்தில் நாம் குடிக்கிறோம். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, மிளகுக் கொடிகளுக்கு நடுவே, பூ உதிர்ந்து பச்சைக் காய் பிடித்திருந்த செடிகளைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் படித்தது என் பாக்கியம். ஆனாலும் சொல்ல வேண்டும்: இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களும் எஸ்டேட் ஆட்களும் இருக்கும் ஒரு நாவல் எனக்கு இன்னும் கையில் சிக்கவில்லை. வால்பாறைக் கதையை வைத்துத்தான் நான் ஏற்காட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பின் தெரியாத விஷயம் என்றால் நாவலை முதலில் படியுங்கள். கட்டுரையில் வரும் தொகையும் வருஷமும் யாரைப் பற்றியவை என்று அப்போதுதான் உறைக்கும். நாவல் முடிந்து இரண்டு நாள் விட்டாலும் போச்சு, சூடு ஆறிவிடும். சில சமயம் ஜோடி மூன்றாகவும் ஆகும். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிக்காரர்கள் என்றதும் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ நினைவுக்கு வந்து, அதையும் அன்று இரவே படித்தேன். அதில் மருதி அதே சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். வெளிவந்தது 1935இல், ‘மணிக்கொடி’ இதழில். டேனியலுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் முந்தியது.

இரண்டாவது ஜோடியை நான் தலைகீழாகச் செய்து பார்த்தேன், எண்ணிக்கை முதலில், கதை பிறகு. விஷயம் 1876-78 பஞ்சம். சேலம் மாவட்டத்தைப் பற்றி லெஃபானு என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதி 1883இல் வந்த ஆங்கிலக் கையேடு இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது. வேண்டிய பக்கங்களை மட்டும் அச்செடுத்துக்கொண்டேன். அதோடு அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கு. 1871இல் சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் ஏறக்குறைய 16 லட்சம் பேர். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்திருந்த பழைய மாவட்டம் அது. செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன பிள்ளைகள் எல்லாம் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு தொகை. 1877இல் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவுக்குக் குறைக்கச் சொன்னார். இன்றைய கணக்கில் அரைக் கிலோவுக்கும் கீழே. கல் உடைக்கிற உடம்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்து எழுதினார்.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன், சதவீதமும் போட்டேன். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. வகுப்பில் எழுதிப் போடுகிற கணக்கு மாதிரி விடை வந்ததே தவிர நெஞ்சில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’யை எடுத்தேன். அதே பஞ்ச காலத்துச் சென்னை. ஏய்டன் என்ற ஐரிஷ்காரக் காவல் அதிகாரி கதையின் நடுவில் நிற்கிறான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ், அங்கே உழைத்த தலித் மக்கள், அவர்களின் வேலைநிறுத்தம். (அந்தக் கட்டடம்தான் இன்று கடற்கரையில் இருக்கும் விவேகானந்தர் இல்லம்.) ஏய்டன் பஞ்சத்தில் விழுந்த கிராமங்களைப் பார்க்கப் போகும் பக்கங்களைப் படித்துவிட்டு மறுபடியும் என் நோட்டைத் திறந்தேன். அப்போதுதான் அந்த ஒரு பவுண்டின் கனம் தெரிந்தது.

அத்தையிடம் இதைச் சொன்னேன். “தாது வருசத்துப் பஞ்சமா?” என்று உடனே கேட்டார். அவருக்கு அவர் பாட்டி சொன்னதாம். பாட்டிக்கு அவருடைய அம்மா சொன்னது. லெஃபானுவை அச்செடுத்து நான் தேடிக்கொண்டிருந்த பஞ்சம் பக்கத்து அறையில் பெயரோடு இருந்திருக்கிறது. இனி பழைய காலத்தைப் பற்றி எது படிக்க எடுத்தாலும் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வாய் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வரலாற்று நாவல் படிக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். பஞ்சம் நடந்தது, ஐஸ் ஹவுஸ் இருந்தது, டெம்பிள் குறைத்த கூலி பதிவில் இருக்கிறது. ஏய்டனின் மனசு நாவலாசிரியர் படைத்தது. ஒரு துண்டுத் தாளை நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் பதிவில் உள்ளது, மறுபக்கம் படைத்தது என்று எழுதிக்கொண்டே போனேன். எது எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியாததைக் கோட்டின் மேலேயே எழுதி வைத்தேன். நாவலின் மேல் மரியாதை குறையவில்லை. எந்த இடத்தில் ஆவணம் வாயை மூடிக்கொள்கிறதோ அந்த இடத்தில்தான் நாவலாசிரியர் வேலை செய்திருக்கிறார் என்று அந்தத் தாளைப் பார்த்தால் தெரிகிறது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’க்கு நான் ஜோடி தேடவில்லை. அத்தையே ஜோடியாக அமைந்துவிட்டார். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் ரொம்ப நேரம் படிக்க முடிவதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிப்பேன், அவர் கேட்பார். கொங்கு நாட்டில் கவுண்டர் பண்ணைகளில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவர்களின் கதை. அத்தை பிறந்தது சங்ககிரிப் பக்கம். கதை நடக்கும் திருச்செங்கோட்டு மண்ணுக்குக் கூப்பிடு தூரம். முதல் சில ராத்திரிகள் உற்சாகமாக இருந்தார். வெயில், ஏரி, பனை, ஆட்டின் குணம் என்று நான் வாசிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். “அந்த ஊர்க்காரன் எழுதுனதுதான், சரியா எழுதியிருக்கான்” என்று சர்ட்டிபிகேட்டும் கொடுத்தார்.

சோறு போடும் இடங்கள் வரவர அவர் பேச்சு குறைந்தது. ஒருநாள் நான் புத்தகத்தை மூடியபோது, “எங்க பண்ணையத்துலயும் ஒரு பையன் இருந்தான். வாசலுக்கு வெளிய நின்னுதான் வாங்கிக்குவான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவனா இருப்பான். அவன் பேரு வர மாட்டேங்குதும்மா” என்றார். மறுநாள் காலையிலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு கேள்வியை அறுபது வருஷத்துக்குப் பிறகு ஒருவரிடம் எழுப்ப எந்தக் கட்டுரையாலும் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். சத்தமாக வாசிப்பதை வீட்டில் வயதானவர்கள் இருக்கும் எல்லோருக்கும் சொல்வேன். வட்டார வழக்கில் உரையாடல் உள்ள நாவல்தான் அதற்குச் சரி. தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ மாதிரி சின்னச் சின்னக் கட்டுரைகளும் நன்றாக எடுபடும். உப்பு பற்றிய பகுதியை வாசித்துவிட்டு அத்தையோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வு நூலைக் காதால் கேட்பது கஷ்டம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். விடிந்தால் தெருவில் தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் கிடைக்கும் அந்தக் காலை நேரத்தைக் கட்டுரை நூலுக்குக் கொடுத்தேன். கையில் பென்சில் இருக்க வேண்டும். கோடு போடுவதைவிட, ஒவ்வொரு கட்டுரையும் ஆரம்பிக்கும் முன் எனக்குள்ள கேள்வியை ஒரு வரியில் தாளில் எழுதி வைப்பது அதிகம் பயன்பட்டது. முடித்ததும் விடை கிடைத்ததா என்று அந்த வரியைப் பார்த்தால் போதும். நாவல் ராத்திரிக்கு. தறிச் சத்தத்திலும் நாவல் படிக்கலாம் என்றாலும், பத்துப் பக்கம் பத்துப் பக்கமாகப் பிய்த்துப் படித்தால் நாவல் கெட்டுப்போகும். ஒரே மூச்சில் ஐம்பது பக்கமாவது போக வேண்டும், முக்கியமாக முதல் நாள். போன் அந்த நேரம் சமையலறை அலமாரியில் இருக்கும். அழைப்பு வந்தால் கேட்கும் தூரம். வெறுமனே எடுத்துப் பார்க்க எழுந்து போக வேண்டும்.

காலண்டரில் கிழித்த மாதத் தாளின் பின்பக்கம் ஒரு காலக்கோடு வரைந்தேன். படிக்கிற புத்தகங்களில் வரும் வருஷங்களையும், அந்தப் புத்தகங்கள் வெளிவந்த வருஷங்களையும் ஒரே கோட்டில் குறிப்பது. 1951, 1969, 2007 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததால்தான் மேலே சொன்ன 38 வருஷக் கணக்கு என் கண்ணில் பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்யச் சொல்லலாம். வரலாற்றுப் பாடத்தையும் தமிழ்த் துணைப்பாடத்தையும் ஒரே கோட்டில் வைக்கட்டும்.

பணக்காரர் ஆவதற்கு வழி சொல்லும் ஒரு மொழிபெயர்ப்பு நூலையும் எடுத்தேன். மூன்று அத்தியாயத்தில் ஒரே விஷயம் மூன்று தரம் வந்ததும் வைத்துவிட்டேன். அதற்கு ஜோடியாக எந்த நாவலையும் என்னால் யோசிக்க முடியவில்லை, அதுவும் ஒரு காரணம். சிறுகதைத் தொகுப்புகளுக்கும் இந்த முறை பொருந்தவில்லை. அவற்றை நாளுக்கு ஒரு கதை என்று தனியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

புத்தகங்களில் பாதி மாவட்ட மைய நூலகத்தில் எடுத்தவை. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. 1948இல் சென்னை மாகாணம் நூலகச் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. வரி கட்டிவிட்டு உறுப்பினர் ஆகாமல் இருப்பது நமக்குத்தான் நஷ்டம். நாவல் இருக்கும் அலமாரிக்கு மட்டும் போய்த் திரும்பாமல், நூலகரிடம் “இந்த விஷயத்தைப் பற்றிக் கட்டுரை நூல் ஏதாவது இருக்கிறதா” என்று வாய்விட்டுக் கேளுங்கள். எனக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல புத்தகங்கள் அப்படித்தான் கிடைத்தன. ஜோடியில் இரண்டும் கைக்கு வந்த பிறகு முதல் புத்தகத்தை ஆரம்பிப்பது முக்கியம். முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவது வரும்வரை காத்திருந்தால் முறையே கலைந்துவிடும்.

பள்ளி திறந்துவிட்டது. இனி மாதத்துக்கு ஒரு ஜோடிதான் முடியும். அடுத்ததை எடுத்து வைத்தாயிற்று. சர்க்கரை ஆலைக்காக ஒரு வனம் அழிவதைச் சொல்லும் சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’, அதற்குப் பக்கத்தில் சு. தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’. ‘சாயாவனம்’ முதலில். சித்தப்பா தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று போனில் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் படித்துவிட்டு, அடுத்த விடுமுறைக்கு நான் மலையேறும்போது பேசுவதாக ஏற்பாடு.